வளைவில் நின்ற ஹாரன்

சங்ககிரியிலிருந்து நியூசிலாந்துக்குப் போன அங்கமுத்து, வாடகைக்கு எடுத்த வெள்ளைக் காரில் மலையேறும்போது ஒரு வளைவில் மூன்று முறை ஹாரன் அடித்தார் என்பதும், அந்த ஹாரன் அவரோடு மேலே போகாமல் அந்த வளைவிலேயே இருபத்தாறு நாள் நின்றது என்பதும் எங்கள் பக்கத்து லாரிப் பட்டறைகளில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள், சில பேர் அதில் பேயைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். பேயெல்லாம் ஒன்றும் இல்லை. அங்கமுத்து வாயால் நான் கேட்டதை அவர் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். அவர் சொல்லும்போது அந்த ஊர் வெள்ளைக்காரர்களும் எங்கள் பேச்சில்தான் பேசுவார்கள். அதையும் நான் மாற்றவில்லை.

அங்கமுத்து முப்பத்தெட்டு வருசம் லாரி ஓட்டினவர். ஒரே மகள் சுகந்தி. மருமகன் மோகனசுந்தரம் நாமக்கல்லில் மாட்டு டாக்டருக்குப் படித்து, நியூசிலாந்தில் பிராக்கன் ஹில் என்கிற ஒரு மலையூரில் பால்பண்ணை மாடுகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். சுகந்திக்கு அங்கேயே ஒரு பண்ணையில் கன்றுகளுக்குப் பால் காட்டுகிற வேலை. ஆறு வருசம் நன்றாகத்தான் இருந்தார்கள். ஒருநாள் காலையில், கை நீட்டினால் கை தெரியாத பனிமூட்டத்தில், மலையிறங்கின மோகனசுந்தரத்தின் வண்டியும் மலையேறின பால் டேங்கர் லாரியும் ஒரு வளைவில் மோதின. மோகனசுந்தரம் அந்த இடத்திலேயே போய்விட்டார். கீழே டவுனில் எரித்து, சாம்பலை ஒரு மரப்பெட்டியில் போட்டுச் சுகந்தி கையில் கொடுத்தார்கள். பெட்டியோடு திரும்பி வரும்போது அந்த வளைவில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தே மேலே போனவள், அதற்குப் பிறகு கீழே இறங்கவே இல்லை.

சாம்பலைக் கரைக்கக் கடலுக்குப் போக வேண்டும். கடலுக்குப் போக மலையிறங்க வேண்டும். மலையிறங்க அந்த வளைவைத் தாண்ட வேண்டும். அந்த வளைவைத் தாண்டச் சுகந்திக்குக் கால் வரவில்லை. இப்படியே பதினாறு மாசம் பெட்டி வீட்டு அலமாரியில் இருந்தது.

"நான் வந்து கரைச்சுட்டு வந்தர்றேன் கண்ணு," என்று அங்கமுத்து போனில் சொன்னார்.

"அதுக்குன்னா நீங்க வரவே வேண்டாங்ப்பா. அவரு போனா நானும் கூடப் போவேன். அவர மட்டும் தனியா அனுப்ப மாட்டேன்."

"செரி, ரெண்டு பேரையும் நானே கூட்டிட்டுப் போறேன்," என்று சொல்லித்தான் அங்கமுத்து விமானம் ஏறினார்.

மலையூருக்குப் பஸ் கிடையாது. விமான நிலையத்திலேயே வாடகைக் கார் கொடுக்கிற இடத்தில் ஒரு சிவந்த முடிக்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவருடைய லைசென்ஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னால வெளிநாட்டுல ஓட்டியிருக்கீங்களா ஐயா?" என்று கேட்டாள்.

"நேபாளம், பூட்டான்."

"அங்க எத்தனை நாள்?"

"ஓட்டுன நாளா, ரோடு சரிஞ்சு நின்ன நாளா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவியைக் கொடுத்தாள். அங்கமுத்து காரைச் சுற்றி வந்து நாலு டயரையும் விரல்முட்டியால் தட்டிப் பார்த்தார், முன்மூடியைத் திறந்து ஆயில் பார்த்தார், ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், கடைசியாக ஹாரன் எப்படி என்று கேட்டார்.

"இருக்குதுங்க. ஆனா இங்க அதை யாரும் அடிக்க மாட்டாங்க. அடிச்சா ஒருத்தரை மூஞ்சிக்கு நேரா திட்டறாப்பல."

அப்படியும் ஒரு நாடா என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். கிளட்ச் இல்லாத வண்டி. இல்லாத கிளட்சைத் தேடித்தேடி இடது கால் பாதி வழி வரைக்கும் பிரேக்கைப் போய் மிதித்தது. பின்னால் வந்தவர்கள் ஒருவர்கூடத் திட்டவில்லை, ஒதுங்கி, கைகாட்டிவிட்டுப் போனார்கள். சமவெளி முடிந்து ரோடு மலையில் ஏறத் தொடங்கியதும் கால் அடங்கிவிட்டது, கை அடங்கவில்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளிலும் ஏறி இறங்கின கை அது. ஏறுகிற வண்டி அடிக்க வேண்டும், இறங்குகிற வண்டி பதில் அடித்து ஒதுங்கி நிற்க வேண்டும். அதைக் கையிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. எதிரே எதுவும் தெரியாத ஒரு வளைவு வந்தது, கை தானாகவே அடித்தது. இரண்டு குட்டையாக, ஒன்று நீளமாக. பதிலுக்குக் காத்திருந்தார், பதில் வரவில்லை, வண்டியும் வரவில்லை, போய்விட்டார். அடுத்த வளைவில் அமுக்கினால் சத்தமே இல்லை. பியூஸ் போயிருக்கும் என்று விட்டுவிட்டார். கடந்துபோன அந்த வளைவின் வேலிக்கம்பத்தில் ஒரு கொத்துப் பிளாஸ்டிக் பூ கட்டியிருந்ததை அவர் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் பண்ணைக்காரர் காலின் வந்து கதவைத் தட்டினார். "வளைவுல யாரோ ஹாரனை அடிச்சுக்கிட்டே நிக்கறாங்கன்னு போனேன் சுகந்தி. வண்டியும் இல்ல, ஆளும் இல்ல. சத்தம் மட்டும் நிக்குது. உங்கப்பா எதையாச்சும் விட்டுட்டு வந்துட்டாரா?"

அங்கமுத்து போய்ப் பார்த்தார். அவருடைய ஹாரன்தான். ரோட்டின் இடது ஓரத்தில், ஒரு ஆளின் நெஞ்சு உயரத்தில், இரண்டு குட்டையாகவும் ஒன்று நீளமாகவும் அடித்து, ஒருவர் பதில் சொல்கிற அளவு இடைவெளி விட்டு, மறுபடியும் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் போனால் கூடியது, தள்ளி வந்தால் குறைந்தது, மழை பெய்தபோது மழைக்குள்ளும் காற்று அடித்தபோது காற்றுக்குள்ளும் அது பாட்டுக்கு நின்றது. போனில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு வெறும் காற்றுச் சத்தம்தான் விழுந்தது. அப்போதுதான் அங்கமுத்து வேலிக்கம்பத்தையும் பூவையும் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்.

அந்த ஊர்க்காரர்கள் நிதானமானவர்கள். மூன்றாம் நாளே ரோட்டு ஆபீஸ்காரர்கள் வந்து, ரோட்டில் எது கிடந்தாலும் செய்கிறபடியே, சத்தத்தைச் சுற்றி ஏழு ஆரஞ்சுக் கூம்புகளை நிறுத்தி, "முன்னால் சத்தம் உண்டு, மெதுவாகச் செல்லவும்" என்று ஒரு பலகை வைத்துவிட்டுப் போனார்கள். கவுன்சிலிலிருந்து ஒருவர் சத்தத்தை அளக்கிற பெட்டியோடு வந்து, அளந்து, பகலில் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். ஆட்டு நாய்கள் இரண்டு நாள் குரைத்துப் பார்த்து, மூன்றாம் நாள் கூம்புகளுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டன. பள்ளிக்கூடப் பஸ் அந்த இடத்தை ஊர்ந்து கடந்தது. பிள்ளைகள் முதலில் காதைப் பொத்தினார்கள், பிறகு நீள ஹாரன் முடிகிறவரைக்கும் யார் மூச்சைப் பிடிப்பது என்று பந்தயம் கட்டினார்கள். மலையேறுகிற வண்டிகளும் இறங்குகிற வண்டிகளும், அந்தச் சத்தத்துக்கு மரியாதை கொடுக்கிற மாதிரி, தாமாகவே வேகம் குறைத்து ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போயின. வருசத்துக்கு இரண்டு வண்டியாவது வேலியை இடிக்கிற வளைவு அது. அந்த இருபத்தாறு நாளில் ஒரு வண்டியும் வேலியைத் தொடவில்லை.

வாடகைக் கார் ஆபீசுக்குச் சுகந்திதான் போன் பண்ணினாள். கார் இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்றாள்.

"வண்டிக்கு ஏதாச்சும் சேதமுங்களா?" என்று அந்தச் சிவந்த முடிக்காரப் பெண் கேட்டாள்.

"சேதம் இல்ல. ஹாரன் மட்டும் வண்டியில இல்ல. வளைவுல நிக்குது."

"தொலையலையே? எங்க இருக்குன்னு தெரியுமில்ல? அப்பச் செரி. வரும்போது மறக்காம எடுத்துட்டு வாங்க."

ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். இதை இப்படியே விடுவதா, எடுப்பதா, எடுப்பதென்றால் எப்படி எடுப்பது என்று பேசினார்கள். ஒருவர் மண் அணைத்து மூடலாம் என்றார். ஒருவர் டவுனிலிருந்து பாதிரியாரைக் கூப்பிடலாம் என்றார். வளைவுக்கு நேர் எதிர்வீட்டில் தனியாக இருக்கிற ஹெதர் அம்மாள், இரண்டாம் நாளே சத்தத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டவள், எழுந்து நின்று சத்தம் போட்டாள்: "என்ற வீட்டு வாசல்ல நின்னு ஒருத்தன் கூப்பிட்டு இருவது வருசமாச்சு. உங்க யாருக்காச்சும் வந்து பாக்கோணும்னு தோணுச்சா? இப்பத்தான் ஒண்ணு வந்து நிக்குது, அதையும் மண்ணுல மூடறீங்களா? மூடறவன் மொத என்னைய மூடு." ஹாரனுக்குச் சொந்தக்காரர் ஊருக்குப் போகிறவரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடித்துக் கலைந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் சுகந்தி வீட்டுக்குள்தான் இருந்தாள். ஆனால் காற்று திரும்பும்போதெல்லாம் ஹாரன் மேலே வந்தது. லாரிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வண்டி எது என்பது கணக்கில்லை, அடிக்கிற கை யாருடையது என்பதுதான் காதில் விழும். இருபது நாள், இருபத்தைந்து நாள் கழித்து லோடு இறக்கிவிட்டு வருகிற அப்பா தெருமுனையில் இரண்டு குட்டை, ஒரு நீளம் அடித்தால், சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடின பிள்ளை அவள். அங்கமுத்து அவளை வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐந்தாம் நாள் அவள் வீட்டை விட்டு இறங்கித் தபால்பெட்டி வரைக்கும் வந்து நின்றாள். ஆறாம் நாள் தபால்பெட்டியைத் தாண்டி மூன்று வேலிக்கம்பம். ஏழாம் நாள் பத்து. எட்டாம் நாள் மழை, வரவில்லை. ஒன்பதாம் நாள் பதினாறு. வீட்டிலிருந்து வளைவுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு கம்பம். ஊரே அதை எண்ணிக்கொண்டிருந்தது, எண்ணுவதாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை. நன்றாக இருந்த வேலியைச் சரிபண்ணிக்கொண்டு ஒருவர் நின்றார், வெட்டின புல்லை இன்னொரு தரம் வெட்டிக்கொண்டு ஒருவர் நின்றார். அவள் வந்தால் தலையசைத்து, "குளிரு கொறஞ்சிருக்குதில்ல?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

வளைவில் தினமும் வந்து நிற்கிற இன்னொரு ஆளும் இருந்தான். ஐம்பது வயசிருக்கும், நல்ல உயரம், பெயர் டெரிக். பழைய வண்டி ஒன்றைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, கதவைக்கூடத் திறக்காமல், கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டு ஹாரனைக் கேட்டுவிட்டுப் போவான். அன்றைக்குப் பால் டேங்கரை ஓட்டி வந்தவன் அவன்தான். அவன் மேல் தப்பில்லை, பனிமூட்டம்தான் காரணம் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அவன் அதற்குப் பிறகு டேங்கரைத் தொடவில்லை. பதினாறு மாசமாகச் சுகந்தி வீட்டு வாசலில் வாரம் தவறாமல் பிளந்த விறகு அடுக்கியிருக்கும். யார் அடுக்குகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் அதை எரிக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. விறகு சுவர் மாதிரி உயர்ந்து ஜன்னலை மறைத்திருந்தது.

அங்கமுத்து அவனுடைய வண்டிப் பக்கம் போய்க் கதவில் தட்டினார். ஓட்டுநர்களுக்குள் பேச என்ன பாஷை வேண்டும்? இரண்டு கல்லை எடுத்து ரோட்டில் வைத்து, ஒன்றை ஏறவிட்டு, ஒன்றை இறங்கவிட்டு, ஏறுகிற கல்லுக்கு "பாம்" என்று வாயால் அடித்து, இறங்குகிற கல்லை ஒதுக்கி அதற்கும் "பாம்" என்று அடித்துக் காட்டினார். டெரிக் இறங்கி வந்து, குனிந்து அந்தக் கற்களையே வெகு நேரம் பார்த்தான். பிறகு தலையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னான். அங்கமுத்துக்கு டயர், லைசென்ஸ் வரைக்கும்தான் இங்கிலீஷ் ஓடும், இதில் ஒரு வார்த்தையும் புரியவில்லை.

இருபத்தைந்தாம் நாள் சுகந்தி இருநூற்றுப் பன்னிரண்டாம் கம்பத்துக்கு வந்துவிட்டாள். டெரிக் அங்கே நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான், போகப் பார்த்தான்.

"இரு தம்பி," என்றார் அங்கமுத்து. "கண்ணு, இவன் எங்கிட்ட என்னமோ சொல்றான். எனக்குப் புரியல. நீ கேட்டுச் சொல்லு."

சுகந்தி அவன் முகத்தைப் பார்க்காமல், கூம்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டெரிக் ஒரு வரி சொல்வான், நிறுத்துவான், அவள் அதைத் தமிழில் சொல்வாள். ஹாரனுக்கு நடுவில் விழுந்த இடைவெளிகளில் அந்தப் பேச்சு நடந்தது.

"பனியில அவரு லைட்டை நான் பாத்துட்டேன்," என்றாள் சுகந்தி, டெரிக் சொன்னபடியே.

"ம்."

"அவரும் என்ற லைட்டைப் பாத்திருப்பாருன்னு நெனச்சேன். கை ஹாரன் மேலதான் இருந்துச்சு."

"ம்."

"தெரிஞ்ச டாக்டரு. என்ற அண்ணன் பண்ணையில மாட்டுக்குப் பிரசவம் பாத்தவரு. அவரைப் பாத்து ஹாரன் அடிச்சா மரியாதையில்லைன்னு…" டெரிக் நிறுத்தி ரொம்ப நேரமாகியும் அவள் நிறுத்தவில்லை. "மரியாதையில்லைன்னு அடிக்கல. அடிச்சா எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க, இது என்ன நாமக்கல்லா, அடிக்காதீங்கன்னு… வந்த புதுசுல ஒவ்வொரு வளைவுலயும் அடிப்பாருங்ப்பா. எனக்குக் கூச்சமா இருந்துச்சு. கையத் தட்டித் தட்டி விட்டேன்."

அங்கமுத்து மெதுவாகக் கேட்டார்: "இதை யாரு கண்ணு சொல்றது? அவனா?"

"அவரும் சொல்றாருங்ப்பா. நானும் சொல்றேன்."

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். பதினாறு மாசத்து அழுகை. ஹெதர் அம்மாள் பின்னலை மடியில் போட்டுவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து, அதில் அவளை உட்கார வைத்தாள். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுகந்தி டெரிக்கிடம் முதல் முறையாக நேராகப் பேசினாள்: "நாளைக்குக் காலையில நாங்க கீழ போறோம். நீங்க டேங்கரை எடுத்துட்டு மேல வாங்க. ஏறி வர்றவங்கதான் அடிக்கோணும்."

இருபத்தாறாம் நாள் காலையில் பால் கம்பெனியில் கேட்டு டெரிக் டேங்கரை வாங்கி வந்தான். பள்ளிக்கூடப் பஸ் மேலேயே நிறுத்தப்பட்டது. ஊர்க்காரர்கள் ரோட்டோரம் தள்ளித் தள்ளி நின்றார்கள், பக்கத்தில் நின்றால் வேடிக்கை பார்க்கிற மாதிரி ஆகிவிடும் என்று. அங்கமுத்து ஓட்டினார், சுகந்தி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தபால்பெட்டி போயிற்று. நூறாம் கம்பம் போயிற்று. கூம்புகள் தெரிந்தன. சுகந்தியின் கால்கள் இரண்டும் காரின் தரையை அழுத்திக்கொண்டிருந்ததை அங்கமுத்து பார்த்தார், பார்க்காத மாதிரி ஓட்டினார். அப்போது வளைவுக்குக் கீழேயிருந்து டேங்கரின் ஹாரன் கேட்டது. மலை முழுக்கக் கேட்கிற காற்று ஹாரன். அந்த மனுசன் ஐம்பது வருசமாக யாரையும் திட்டாமல் சேர்த்துவைத்ததை எல்லாம் ஒரே அடியாக அடித்த மாதிரி இருந்தது என்பார் அங்கமுத்து.

காரில் ஹாரன் இல்லை என்பது சுகந்திக்குத் தெரியும். தெரிந்தும் எட்டி ஸ்டியரிங் நடுவில் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். வளைவில் நின்றிருந்த சத்தம், கூப்பிட்ட பிள்ளை எழுந்து வருகிற மாதிரி, அங்கிருந்து வந்து காருக்குள் அடித்தது. நீளமாக, அவள் கையை எடுக்கிறவரைக்கும் அடித்தது. அங்கமுத்து இடது ஓரம் ஒதுக்கி நிறுத்தினார். டேங்கர் அடி அடியாக ஏறி, கண்ணாடிக்கு நேராக வந்து, கடந்து போயிற்று. கூம்புகளுக்கு நடுவில் இப்போது ஒன்றும் இல்லை. கார் வளைவைத் தாண்டிவிட்டது. ஹெதர் அம்மாள் மட்டும் கூம்புகளைப் பார்த்து, "போய்ட்டு வா," என்றாளாம்.

டெரிக் மேலே போய்த் திருப்பிக்கொண்டு பின்னாலேயே வந்தான், யாரும் வரச் சொல்லவில்லை. கடலில் சாம்பல் கரைக்கவென்று அரசாங்கம் ஒதுக்கின இடம் பாறையும் பாசியுமாக இருந்தது. அங்கமுத்துவின் முழங்கால் அதில் இறங்காது. சுகந்தி பேண்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டுப் பாறையில் கால் வைத்து, வழுக்கி, திரும்பிப் பார்த்தாள். டெரிக் பூட்ஸோடு தண்ணீருக்குள் இறங்கிக் கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். இடுப்பளவுத் தண்ணீரில் அவன் அலைக்கு முதுகைக் கொடுத்து மறைத்து நிற்க, அவள் பெட்டியைத் திறந்து, தன் வாய்க்குள் என்னவோ சொல்லி, மோகனசுந்தரத்தை விட்டாள். சாம்பல் கொஞ்ச நேரம் அவர்கள் இரண்டு பேரையும் சுற்றி நின்று, பிறகு போயிற்று.

கரையேறினதும் அங்கமுத்து சொன்னார்: "கரைச்சுட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாது கண்ணு. அவன்கிட்டயும் சொல்லு. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் திரும்பிப் பாக்கக் கூடாது."

சுகந்தி சொன்னாள். டெரிக் தலையாட்டினான். பிறகு, நனைந்த பூட்ஸோடு டேங்கர் கதவுக்குப் பக்கத்தில் நின்று, ஓட்டுநருக்கே தோன்றுகிற ஒரு சந்தேகத்தைக் கேட்டான்: கண்ணாடியில் பின்னால் தெரியுமே, அது திரும்பிப் பார்த்த கணக்கா?

அங்கமுத்து முப்பத்தெட்டு வருசத்தில் இதை யோசித்ததில்லை. காரின் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் உள்ளே மடக்கினார், நடுக்கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவைத்தார். டெரிக் டேங்கரில் ஏறித் தன் கண்ணாடிகளையும் அதே மாதிரி மடக்கினான். "நான் ஓட்டறேங்ப்பா," என்று சுகந்தி சாவியை வாங்கிக்கொண்டாள்.

முன்னால் கார், பின்னால் டேங்கர். பின்னால் வருகிறவன் வருகிறானா, எவ்வளவு கிட்டத்தில் வருகிறான் என்று பார்க்க வழியில்லை. அதனால் டெரிக் கொஞ்ச தூரத்துக்கு ஒரு தரம், நான் வர்றேன் என்று அடித்தான். அங்கமுத்து எட்டிக் கை நீட்டி, வா என்று பதில் அடித்தார். மலையடி வரைக்கும் நாற்பது கிலோமீட்டரும் இப்படியே போனார்கள், சமவெளிப் பண்ணைகளில் ஜனங்கள் கேட்டுக்கு வந்து நின்று பார்க்க, ஒருவரும் முகம் சுளிக்காமல், சில பேர் தொப்பியைக் கழற்ற. ரோடு மலையில் ஏறத் தொடங்கியதும் பின்னாலிருந்து மறுபடியும் டேங்கர் அடித்தது. அங்கமுத்து கையை நீட்டினார். அதற்குள் சுகந்தி அடித்துவிட்டாள்.